மீட்டிங்கில் மட்டும் அணையும் லேப்டாப்

"ஐயா, அந்த நாற்காலிகளை அனுப்பச் சொன்னது..."

அந்த இடத்தில் லேப்டாப் அணைந்தது. கறுத்த திரையில், வாய் திறந்தபடி ஒரு முகம் மட்டும் தெரிந்தது. அவருடைய முகம்தான்.

ஒரு நாற்காலிக் கம்பெனியில் அவர் கிடங்குக் கணக்கர். ஆபீசில் அவருடைய பெயர் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. 'ஸ்டோர்ஸ்' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். போன மாதம் இருநூறு நாற்காலிகள் மேசைக்கால்கள் மாட்டப்பட்டு வெளியே போய்விட்டன. வாங்கியவர்கள் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, எட்டாத ஆழத்தில் இருக்கும் சாப்பாட்டைப் பார்ப்பதாகப் புகார். "அனுப்புங்க, நான் பாத்துக்கறேன்" என்று அன்றைக்குச் சொன்னவர் மேனேஜர். பார்த்துக்கொள்ள வேண்டிய நேரம் வந்ததும் அவர் ஸ்டோர்ஸைப் பார்த்தார்.

முதலாளி வெளியூரில் இருந்தார். விசாரணையெல்லாம் அவரவர் வீட்டிலிருந்தே வீடியோ மீட்டிங்கில். தப்பு யாருடையது என்று முடிவாகிறதோ, அவருக்கு வேலை போகும்.

"மறுபடியுமா?" என்றாள் மனைவி.

"மறுபடியும்தான். பேர் வர்ற இடத்துல கரெக்டா போகுது."

அவள் அவர் கையிலிருந்த காந்தக் காப்பைக் கழற்றி டப்பாவில் வைத்தாள். பிபிக்கு நல்லதென்று மருந்துக்கடையில் கொடுத்தது. படபடப்பு வரும் நேரத்தில் மட்டும் போட்டால் போதுமாம். அவருக்குப் படபடப்பு வருவது மீட்டிங்கில்தான்.

"சூடாகுதுன்னு நெனைக்கிறேங்க."

நான்கு டம்ளர்களைக் கவிழ்த்து, மேலே லேப்டாப்பை ஏற்றினார்கள். பக்கத்தில் டேபிள் ஃபேன். அடுத்த மீட்டிங்கில், சரியாமல் டம்ளர்களைப் பிடித்துக்கொண்டு அவர் பேசினார். முதலாளிக்குப் புயல் மட்டும் கேட்டது. ஃபேனை நிறுத்திவிட்டு லேப்டாப் பக்கம் சாய்ந்தார். லேப்டாப்பும் நின்றது.

ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"கடையில இருந்தவரைக்கும் ஒரு தடவைகூட அணையல சார்," என்றார் ரிப்பேர்க்காரர். "எதுக்கும் இருக்கட்டும்னு எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாப் போட்டிருக்கேன்."

"எல்லாத்தையுமா?"

"சுத்தமா!"

அந்த எல்லாவற்றிலும் ஒன்று, 'அனுப்புங்க, நான் பாத்துக்கறேன்' என்ற மேனேஜரின் மெசேஜ். கையிலிருந்த ஒரே சாட்சி. அதற்கும் சேர்த்துக் கூலி கொடுத்துவிட்டு வந்தார்.

வந்தவருடைய முகத்தைப் பார்த்து மனைவி பயந்துபோனாள். மருந்துக்கடைக்குப் போய் இன்னொரு காப்பு வாங்கிவந்து மறுகையிலும் மாட்டினாள். "இது பெரிய காந்தமாம். சட்டுனு கேக்குமாம்."

கேட்டது. இப்போது "வணக்கம் ஐயா" என்று முடிப்பதற்குள்ளேயே லேப்டாப் அணைந்தது.

மேனேஜர் போனில் வந்தார். "என்ன ஸ்டோர்ஸ், கேள்வி வந்தா உங்க லேப்டாப்புக்கு மயக்கம் வருதா? ஆள் நடிக்கிறானான்னு முதலாளி கேக்கறாரு. நானே நேர்ல வந்து பாக்கறேன்."

வந்தார். லேப்டாப் முன்னால் உட்கார்ந்து தட்டித் தட்டிப் பார்த்தார். அது சமர்த்தாக ஓடியது.

"நல்லாத்தானே இருக்கு?"

"இல்ல சார், மீட்டிங் மாதிரியே செய்யணும்."

மனைவி இரண்டு காப்புகளையும் மாட்டிவிட்டாள். ஸ்டோர்ஸ் மீட்டிங்கில் சாய்வதுபோலவே முன்னால் சாய்ந்து கையை வைத்தார். அணைந்தது. அதே நேரம், மேசையில் கிடந்த ஊக்கு ஒன்று துள்ளி அவர் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது.

மூன்று பேரும் ஊக்கைப் பார்த்தார்கள்.

மேனேஜர் ஒரு காப்பைக் கழற்றச் சொல்லி வாங்கி, லேப்டாப்பின் ஓரத்தில் வைத்தார். அணைந்தது. எடுத்தார். எழுப்பினால் எழுந்தது. மறுபடி வைத்தார், எடுத்தார். ரொம்ப நேரம் அதையே செய்துகொண்டிருந்தார்.

"மூடியில காந்தம் இருக்கும். இதுவும் காந்தம். மூடியாச்சுன்னு நெனச்சு அது தூங்கிடுது," என்றார் கடைசியில். "இந்தச் சனியன் ரெண்டும் இந்த வீட்லயே இருக்கக்கூடாது. குடுங்க, நான் கொண்டுபோறேன்."

"ஐயோ, அது அவர் பிபிக்குங்க," என்றாள் மனைவி.

"நான் பாத்துக்கறேன்மா."

மேனேஜர் போனதும் ஸ்டோர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு நல்ல மனுஷனையா காட்டிக்கொடுக்கறது?"

"வேலை போனா அந்த நல்ல மனுஷனா நமக்குச் சோறு போடுவாரு?" என்றாள் மனைவி. "இருக்கறதைச் சொல்லுங்க. கொஞ்சம் பணிவாச் சொல்லுங்க."

அடுத்த மீட்டிங்கில் அவர் வெறுங்கையோடு உட்கார்ந்தார். திரையில் மூன்று கட்டங்கள்: முதலாளி, மேனேஜர், தான். மனைவி, கேமராவில் விழாமல் பின்னால் நின்றாள்.

"ஐயா, அந்த நாற்காலிகளை அனுப்பச் சொன்னது..."

பழக்கதோஷத்தில் நிறுத்தினார். லேப்டாப் அணையவில்லை. இனி வேறு வழியும் இல்லை.

"...நம்ம மேனேஜர் சார்தான்."

"சாட்சி இருக்கா?"

"இருந்துச்சு ஐயா. ரிப்பேர் கடையில அழிச்சுட்டாங்க."

முதலாளி பெருமூச்சு விட்டார். "நீங்க சொல்லுங்க மேனேஜர். இவர் சொல்றது நிஜமா?"

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வலது சட்டைக்கையை நிதானமாக மடித்துவிட்டார். பிறகு இடது. முன்னால் சாய்ந்து, இரண்டு கைகளையும் லேப்டாப்பின் மேல் வைத்தார்.

அவருடைய கட்டம் மறைந்தது.

ஸ்டோர்ஸின் மைக் திறந்தே இருந்தது.

"பாவங்க, அவருக்கும் பிபி போல," என்றாள் மனைவி. "லேப்டாப்பை அணைக்குதுன்னு நம்மகிட்டருந்து பிடுங்கிட்டுப் போனாரே, அந்தக் காப்பு ரெண்டையும் அவரே மாட்டிட்டு உக்காந்திருக்காரு!"