முடியாத டாங்கி

இனி அந்த டாங்கி முடியவே கூடாது என்று ஆய்வாளர் ஒரு காலை முடிவெடுத்தார்.

ஆய்வாளர் என்றால் போலீஸ் இல்லை. திருகாணி செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்த்தவர். தலை நடுவில் இருக்கிறதா, மறை ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று வாழ்நாள் முழுக்க பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்திருந்தவர். ஓய்வு வயது வந்ததும் கைகுலுக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தொழிற்சாலை அவரை விட்டது. அவர் ஆய்வை விடவில்லை. வீட்டில் பார்க்கத் திருகாணி இல்லாததால் வெங்காயத்தைப் பார்த்தார். ஒரு துண்டு தடி, ஒரு துண்டு மெல்லிசு என்றார். காயப்போட்ட துணிகளுக்கு நடுவே இடைவெளி சமமாக இல்லை என்றார்.

மனைவி கூடத்தில் மிஷின் போட்டுத் தெருப் பெண்களுக்குத் துணி தைப்பவள். ஒருநாள் தைத்துவைத்திருந்த சட்டையை அளவுகோல் வைத்து அளந்தார். வாங்க வந்த அம்மாளிடமே, "இடது தோள் ஒரு நூல் ஏறியிருக்கும்மா, பாத்து வாங்கிக்குங்க" என்றார். அந்த அம்மாள் அதற்குப் பிறகு வரவில்லை. அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் வரவில்லை. இவருக்குத்தான் மறை கழன்றுவிட்டது என்று தெருவில் பேச்சு. மனைவி காதிலும் அது விழுந்தது. நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் வெளியூரில் இருக்கும் மகள், அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று பெட்டி ஒன்றை அனுப்பினாள். உள்ளே ஒரு ராணுவ டாங்கி, துண்டு துண்டாக. வெட்டி, தேய்த்து, ஒட்டினால் உள்ளங்கை இரண்டையும் சேர்த்து வைத்த அளவுக்கு வரும். ஆய்வாளர் உள் அறையில் மேஜையைப் போட்டு உட்கார்ந்தார். வேலை மளமளவென்று போயிற்று. சங்கிலிப் பட்டையை மாட்டி வர்ணம் அடித்தால் முடிந்தது என்ற கட்டத்தில் மனைவி வந்து கதவோரம் நின்றாள்.

"அம்மா வரேங்கறாங்க."

"எத்தனை நாளைக்கு?"

"நாளெல்லாம் இல்ல. இங்கயே இருந்துடறேங்கறாங்க."

ஆய்வாளரின் கையிலிருந்த இடுக்கி நழுவியது. மாமியார் காது கொஞ்சம் மந்தம், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அவர் கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் கேள்வி மாறிவிடும்.

"எங்க படுப்பாங்க?"

"இந்த ரூம்லதான். ஆனா நீங்க கடை பரப்பி வெச்சிருக்கீங்களே. பாதியில எடுத்தா உடைஞ்சுடும். அவர் டாங்கி முடியட்டும்மா, அப்புறம் வாங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். முடிஞ்சதும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவள் போனதும் ஆய்வாளர் டாங்கியைப் பார்த்தார். முடிந்தால்தானே மாமியார். மாட்டிய சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

அன்று முதல் அந்த டாங்கிக்கு ஓய்வு கிடையாது. முதலில் பக்கவாட்டில் கூடுதல் கவசம் வைத்தார். பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, ஒட்டி, இடுக்குகளில் பட்டி பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தார். கவசம் பிரமாதமாக அமைந்தது. அதனால் பிய்த்துவிட்டார். அப்புறம் பீரங்கிக் குழல் குட்டை என்று பட்டது. பழைய ரேடியோவின் ஏரியலை அறுத்து நீளக் குழல் வைத்தார். வைத்ததும் பாரம் தாங்காமல் டாங்கி மூக்குக் குப்புற விழுந்தது. பின்பக்கம் பாரத்துக்கு ஈயக் குண்டுகள் போட்டார். அது மல்லாந்தது.

சாயங்காலமானால் மனைவி தேநீரோடு வருவாள்.

"முடிஞ்சுதா?"

"எங்க. பீரங்கித் தலை சுத்த மாட்டேங்குது."

"குடுத்து வெச்ச டாங்கி. எனக்கு இங்க தினமும் சுத்திச்சு."

"கவசமும் இன்னும் பாக்கி."

"பொறுமையா செய்யுங்க. அம்மா எங்க போயிடப் போறாங்க."

பச்சை வர்ணம் அடித்தார். காடு வேண்டாம், பாலைவனம் என்று மணல் நிறம் அடித்தார். பிறகு பனிப்பிரதேசம் என்று வெள்ளை அடித்தார். அறையை விட்டு ஓர் அடி நகராமல் அந்த டாங்கி மூன்று சண்டைகளுக்குப் போய்விட்டு வந்தது. ஆய்வாளரும் கூடவே போய்விட்டு வந்தவர் மாதிரி ஆகிவிட்டார். கண் எரிந்தது. கழுத்து ஒரு பக்கமாக நின்றுபோயிற்று. பசையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அடிக்கடி ஒட்டிக்கொண்டன. கூடத்தில் மிஷின் ஓயாமல் ஓடும் சத்தமும், பெண்கள் சிரிப்பும் கேட்கும். ஒருதரம் எட்டிப் பார்க்க எழுந்தார்.

"அங்கயே இருங்க" என்றாள் மனைவி. "கதவத் திறந்தா தூசி வரும். வர்ணத்துல ஒட்டிக்கும்."

"யாரு அவ்வளவு பேரு?"

"துணி குடுக்க வந்தவங்க. தோள்பட்டை தைக்கறதுல என்னை விட்டா ஆள் இல்லையாம்."

ஆய்வாளர் திரும்ப உட்கார்ந்தார். அவருக்குத் தோள்பட்டையைப் பற்றி ஏதோ சொல்ல இருந்தது. சொல்லத் தெம்பில்லை.

கடைசியில் ஒருநாள், நாலாவது தரமாகக் கவசத்தைப் பிய்க்கக் கத்தியை எடுத்தவர், கையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா இருந்தார். இந்தப் பாடு படுவதற்கு மாமியாரே மேல் என்று தோன்றியது. அவர் பேசுவார், ஆனால் அவருக்கு உப்புத்தாள் போட வேண்டியதில்லை. சங்கிலிப் பட்டையை மாட்டினார். தலையைத் திருப்பினார். வெண்ணெய் மாதிரி சுற்றியது. முடித்துவிட்டார்.

தோற்றதுதான் தோற்றோம், மரியாதையாகத் தோற்போம் என்று மாமியாருக்கு அவரே போன் போட்டார்.

"அத்தை, ரூம் தயார். எப்ப வரீங்க?"

"என்ன ரூம்?"

"நீங்க இங்கயே இருக்கப் போற ரூம், அத்தை."

"நானா?" மாமியாருக்கு அன்றைக்குக் காது நன்றாகவே கேட்டது. "போன தடவை நான் மடிச்சு வெச்ச போர்வைய அளவுகோல் வெச்சு அளந்தீங்களே மாப்பிள்ளை. அப்பவே கும்பிடு போட்டுட்டேன். நான் எதுக்கு அங்க வரேன்? யாரு சொன்னது?"

ஆய்வாளர் போனை வைத்தார். கதவைத் திறந்து கூடத்துக்கு வந்தார். துணிகள் சுவரோரம் இடுப்பு உயரத்துக்குக் குவிந்திருந்தன. வராமல் போன அம்மாள் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டு நின்றாள். இவரைக் கண்டதும் துணியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

மனைவி அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவரையும் அவர் கையிலிருந்த போனையும் பார்த்தாள்.

"அம்மாகிட்ட பேசிட்டீங்களா?"

"பேசிட்டேன்."

"சரி. அவங்க வரலைன்னா என்ன. என் தம்பி குடும்பத்தோட வரேங்கறான். மூணு பசங்க." மிஷினுக்கு அடியில் குனிந்து ஒரு பெட்டியை இழுத்து மேலே வைத்தாள். பெட்டியின் மேல் போர்க்கப்பல் ஒன்று அலையைக் கிழித்துக்கொண்டு நின்றது. பெட்டி டாங்கிப் பெட்டியைப்போல மூன்று மடங்கு.

மைத்துனனும் வரப்போவதில்லை என்று ஆய்வாளருக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று மனைவிக்கும் தெரிந்தது. சுவரோரம் இருந்த துணிக் குவியலை ஒருமுறை பார்த்தார். மேலாக இருந்த சட்டையில் இடது தோள் ஒரு நூல் ஏறியிருந்தது. வாயைத் திறந்தார்.

"பசை உள்ளேயே இருக்கா, நான் தனியா வாங்கிக்கணுமா?"