ஒய் என்ற எழுத்தை நான் அழுத்தியது பற்றி

அன்புள்ள மைத்துனர் சிவநேசனுக்கு,

கிள்ளானிலிருந்து அத்தான் திருச்செல்வம் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் நலம். செமினியில் நீயும் வீட்டாரும் சுகமாக இருக்க முருகன் துணையிருப்பான். போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். தொண்டை ஆப்பரேஷனுக்குப் பிறகு உன் அக்கா உஷாராணிக்குப் பேச்சுத்தான் இல்லை. காது பாம்புக் காது. என் வாட்சப்பையும் அவள்தான் முதலில் படிக்கிறாள்.

விஷயம் இதுதான். ஆப்பரேஷனுக்கு முன்னால் அவளை எண்ணூறு வாக்கியம் படிக்க வைத்துப் பதிவு செய்து, அவள் தட்டினால் அவள் குரலிலேயே பேசுகிற மாதிரி எங்கள் கம்ப்யூட்டரில் அமைத்துக் கொடுத்தாயே, அதில் ஒரே ஒரு குறை. 'ழ' வராது. வாழைப்பழம் என்று தட்டினால் 'வாளைப்பளம்' என்று சொல்லும். முப்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் ழகரம் சொல்லிக்கொடுத்தவளுக்கு அது எப்படி இருக்கும்? விருந்தாளி வந்தால் 'மழை' என்று தட்ட மாட்டாள். 'வானத்துல தண்ணி வருது' என்று தட்டுவாள். போன திங்கட்கிழமை அவள் குளிக்கப் போயிருந்தபோது, புதிய பதிப்பில் அந்தக் குறை தீர்ந்துவிட்டதாகத் திரையில் படித்தேன். போடு என்றேன். அதற்கு வேறொரு பேக்கேஜ் வேண்டும் என்றது. சரி என்றேன். அந்தப் பேக்கேஜுக்கு இன்னொன்று, அதற்கு லைப்ரரி என்று ஒரு புதிய துணை மென்பொருள். பழைய குரல் பழைய லைப்ரரியில்தான் ஓடும், இரண்டு லைப்ரரியும் ஒரே பெட்டிக்குள் குடியிருக்காதாம். கடைசியில் இருநூற்றுச் சொச்சம் பெயர்களைக் கொட்டி, இவற்றை நீக்கட்டுமா, ஆம் என்றால் ஒய், வேண்டாம் என்றால் என் என்ற எழுத்தை அழுத்து என்றது. துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் கிடங்குக் கிளார்க்காக இருந்தவன். நீட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டே பழகிவிட்டேன். ஒய் அழுத்தினேன். மச்சான், படம், பட்டன் எல்லாம் போய்விட்டது. கறுப்புத் திரை. மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

தலை துவட்டிக்கொண்டே வந்தவளிடம், "கரண்டு டிரிப் ஆயிடுச்சு உஷா, மெஷின் போச்சு" என்று புளுகினேன். அன்றிலிருந்து காகிதத்தில் எழுதிக் காட்ட ஆரம்பித்தாள். நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் சொல்ல வந்ததை விட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள். அதனால் கண்ணாடியில் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அவள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறி, பிரிக்பீல்ட்ஸில் குகன் என்பவரின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன்.

"அங்கிள், எல்லாத்தையும் அழிச்சுட்டு புதுசா போட்டுடலாம்லா. ஒரு மணி நேரம் போதும்."

"அழிச்சா உள்ள இருக்கிற குரல்?"

"அதுவும் போயிடும். பொம்பள குரல் புதுசா நெறைய இருக்கு அங்கிள், இதவிட தெளிவா பேசும்."

"பாஸ், அது என் பொண்டாட்டி குரல்."

மனிதர் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார். "அப்படின்னா நான் தொட மாட்டேன் அங்கிள். குரல் உள்ளதான் இருக்கும், அதைப் பேச வைக்கிறதுதான் போயிருக்கு. ஸ்கிரீன்ல வர்ற எழுத்தை அப்படியே போன்ல போட்டுத் தேடிப் பாருங்க. யார் கேட்டாலும் அழிக்க மட்டும் விடாதீங்க."

திரும்பி வரும்போது நல்ல மழை. குடை பெட்டிக்கு, மழை எனக்கு.

தேடினேன். எந்த ஊரிலோ ஒருவர் ஐந்து வருடத்துக்கு முன்னால் இதே குழியில் விழுந்திருக்கிறார். புதியதை நீக்கு, பழைய லைப்ரரியை அதன் பதிப்பு எண்ணோடு கேட்டு வாங்கு, இனி எந்த அப்டேட்டும் அதை அசைக்காதபடி பூட்டு என்று இன்னொரு புண்ணியவான் பதில் போட்டிருந்தார். ஒற்றை விரலால் தட்டினேன். ஒரு புள்ளி விட்டுப்போனதைக் கண்டுபிடிக்க வியாழக்கிழமை முழுவதும் போனது. வெள்ளிக்கிழமை காலை படம் வந்தது, பட்டன் வந்தது. அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். தட்டினாள்.

"தலைக்கு எண்ணெய் தடவுங்க. பார்க்கச் சகிக்கல."

அவள் குரலேதான். நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டேன்.

ஆகவே நீ வேலையை விட்டு ஓடி வர வேண்டாம். அடுத்த முறை வரும்போது அந்தக் குரலுக்கு ஒரு நகல் மட்டும் எடுத்து வைத்துவிடு. இரண்டு நாளாக அதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. நான் ஒய் அழுத்திய விஷயம் நம் இருவரோடு இருக்கட்டும். உன் வீட்டார் எல்லாருக்கும் ஆண்டவன் நீண்ட ஆயுளையும், உன் கம்ப்யூட்டருக்குப் பொறுமையையும் கொடுக்கட்டும்.

அன்புடன்,
அத்தான் திருச்செல்வம்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா. தன் கையெழுத்து தபால்காரருக்குப் புரியாது என்று விலாசம் எழுதக் கவரை என்னிடமே கொடுத்தார். ஒட்ட மறந்துவிட்டார். பொங்கலுக்கு வந்தபோது நீ என் கைப்பேசியிலும் இதே குரலைப் போட்டுக் கொடுத்தாய் அல்லவா, அதை இவரிடம் இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமையே அதைத் தட்டிப் பேசியிருப்பேன். ஆனால் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல்முறையாக, நான் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தார். இன்னும் ஒரு நாள் போகட்டும், இன்னும் ஒரு நாள் போகட்டும் என்று விட்டுவிட்டேன். நனைந்துகொண்டு வந்து நின்ற அன்று மட்டும் விரல் நுனிவரை வந்துவிட்டது. நீயும் சொல்லிவிடாதே.