பதினேழாம் குழியின் நான்காம் அடுக்கு

ஒரு காட்டில் ஒரு மலை இருந்தது. எந்தக் காலத்திலோ நெருப்பைக் கக்கி, சுற்றுவட்டாரமெல்லாம் சாம்பலைப் பூசிவிட்டு, பிறகு களைத்துப்போய் உட்கார்ந்துவிட்ட மலை அது. கக்கிய குழம்பு இறுகிப் பாறையானது. பாறை வெயிலிலும் மழையிலும் கிடந்து உளுத்து மண்ணானது. மணல் என்றும் சொல்ல முடியாது, களி என்றும் சொல்ல முடியாது. கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும், ஈரம் பட்டால் பிடித்து நிற்கும். உழவர்கள் பார்த்தால் இருவாட்டு மண் என்பார்கள். காட்டுப் பிராணிகளுக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. காலால் கிளறிப் பார்த்து, பிடித்திருந்தால் வளை தோண்டிக் குடியிருந்தன.

அப்படியே விட்டிருந்தால் எனக்கு இந்தக் கதையைச் சொல்லும் வேலை மிச்சம். விடுவார்களா?

ஒரு மழைக்காலத்தில், ஆற்றோர மணலில் வளை தோண்டிய நரி ஒன்றின் தலையில் கூரை இடிந்து விழுந்தது. அதே வாரம் குளத்தங்கரைக் களிமண்ணில் குடியிருந்த பெருச்சாளியின் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, அது மூன்று நாள் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு மிதந்தது. இரண்டுமே மலைக்குச் சம்பந்தமில்லாத இடங்கள். ஆனாலும் காட்டு நிர்வாகம் விழித்துக்கொண்டு, மண் வகைப்பாட்டு வாரியம் என்று ஒன்றை மலையில் கொண்டுவந்து வைத்தது. அதற்குத் தலைவர் மரங்கொத்தி. அவர் பிறந்ததிலிருந்து மரத்தைவிட்டு இறங்காதவர், மண்ணில் கால் வைத்தே அறியாதவர், ஆகவே எந்த மண்மீதும் அவருக்குப் பாசம் இருக்காது என்று தேர்வுக்குழு விளக்கம் கொடுத்தது. தவிர, அலகால் முத்திரை குத்துவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

வாரியத்தின் முதல் உத்தரவு சுருக்கமாக இருந்தது. எரிமலைப் பாறைமேல் உண்டான இருவாட்டு மண்ணில் மட்டுமே இனி வளை இருக்கலாம். மணலில் கூடாது, களியில் கூடாது. வகை தெரியாத மண்ணிலுள்ள வளைகள், வகை தெரியும்வரை மூடப்படும். மலையில் எந்த மண்ணுக்கும் அதுவரை யாரும் வகை பார்த்ததில்லை. எனவே ஒரே நாளில் அத்தனை வளைவாசலிலும் பாறாங்கல்லை உருட்டி வைத்துவிட்டுப் போனார்கள்.

அப்படி மூடப்பட்டதில் ஒன்று சடைச்சி என்ற முள்ளம்பன்றியின் வளை. சடைச்சி அப்போது நிறைமாதம். அடுத்த மழைக்கு இருபது நாள்கூட இல்லை. எதிர்ப்பாறையில் ஒரு சிறுத்தை தினமும் வந்து படுத்துக்கொண்டு அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறந்த சில நாளைக்கு முள்ளம்பன்றிக் குட்டியின் முள் பஞ்சுபோல இருக்கும் என்ற விஷயம் அதற்கும் தெரிந்திருந்தது.

"பேசாம வேற மலைக்குப் போயிருவமா?" என்றான் அவள் கணவன் காத்தமுத்து.

"இந்த வயித்தத் தூக்கிக்கிட்டா? நீ வேணா போ," என்றாள் சடைச்சி.

வேறு வழியில்லாமல் இருவரும் வாரியத்துக்குப் போனார்கள். நான்கு நாள் வரிசையில் நின்று விண்ணப்பம் வாங்கினார்கள். மண் காய்ந்திருக்கும்போது என்ன நிறம், நனைந்திருக்கும்போது என்ன நிறம், கல் எத்தனை பங்கு, வேர் மெல்லியதா தடித்ததா, எத்தனை முழத்தில் பாறை தட்டும், எந்தப் பாறையிலிருந்து உண்டான மண் என்று கேள்விகள் போய்க்கொண்டே இருந்தன. கடைசிக் கேள்விக்கு 'எரிமலைப் பாறை' என்று எழுதிக் கொடுத்தாள் சடைச்சி. பொந்துக்குள் உட்கார்ந்திருந்த எழுத்தர் கிளி அதைத் திருப்பித் தள்ளியது.

"அத்தாட்சி எங்கம்மா?"

"மலையே எரிமலைதானுங்களே. எல்லாருக்கும் தெரியுமே."

"எல்லாருக்கும் தெரிஞ்சா ஆச்சா? மலை எழுதிக் குடுத்துச்சா?"

காத்தமுத்து இரண்டு நாள் அலைந்து, நுரை பொங்கி உறைந்த மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்த ஒரு கறுப்புக் கல்லை உருட்டிக்கொண்டு வந்து பொந்துக்கு முன்னால் போட்டான். கிளி அந்தக் கல்லையே கோப்பில் சேர்த்துக்கொண்டது. அதன்பிறகு கோப்பைத் தூக்க ஒரு காட்டெருமை தேவைப்பட்டது.

ஒருவழியாகக் களப்பணியாளர் அணில் வந்து சேர்ந்தார். மண்ணின் பதம் பார்ப்பது வாரியத்தில் கையால்தான். ஒரு பிடி மண்ணை நனைத்து, உள்ளங்கையில் பிசைந்து, நாடாவாக இழுத்துப் பார்க்கவேண்டும். இழுக்கும்போதே உதிர்ந்தால் மணல். நீளமாக வந்துகொண்டே இருந்தால் களி. கொஞ்ச தூரம் வந்து ஒடிந்தால் இருவாட்டு. அணிலுக்கு அன்றைக்கு இன்னும் பதினோரு வளை பாக்கி. ஒரு சிட்டிகை மண்ணில் எச்சிலைத் தொட்டு இரண்டே பிசை பிசைந்தார். மண் உதிர்ந்தது.

"மணல். அனுமதி இல்ல. அடுத்தது யாரு?"

"ஐயா, இன்னுங் கொஞ்சம் பிசைஞ்சு பாருங்கய்யா," என்றாள் சடைச்சி.

"எனக்கே வேலை சொல்லித் தர்றியா?" என்றவர், அவள் வாயைத் திறப்பதற்குள் மரத்தில் ஏறிவிட்டார்.

சடைச்சி மேல்முறையீடு செய்தாள். மேலாய்வாளர் தேவாங்கு வந்தார். கை சுத்தமானவர், அவசரம் என்றால் என்னவென்றே தெரியாதவர். அவரிடம் மாட்டினால் நேர்மையாகச் சாகலாம் என்று வாரியத்திலேயே பேசிக்கொள்வார்கள். காலையில் ஒரு பிடி மண்ணை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, பிசைய ஆரம்பித்தார்.

இங்கே மண்ணைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். எரிமலை மண்ணில் சாம்பலும் உளுத்த பாறையும் பொடிப்பொடி உருண்டைகளாகத் திரண்டிருக்கும். லேசாகப் பிசைந்தால் அவை மணல்போல நெருடும். பிசைந்துகொண்டே போனால் உருண்டைகள் ஒவ்வொன்றாக உடைந்து, கடைசியில் வழவழவென்று ஆகிவிடும். எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தேவாங்கு நிறுத்தவே இல்லை. வெயில் ஏறியது, இறங்கியது. பொழுது சாயும் நேரத்தில் அவர் கையிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு நாடா வந்தது.

"களி. சந்தேகமே வேண்டாம்," என்றார்.

"அய்யோ, ஆரம்பத்துல சரியாத்தான் இருந்துச்சுங்கய்யா! நீங்கதான் நிறுத்தல!"

"மண்ணு தன் உண்மையக் கடைசியிலதாம்மா சொல்லும்," என்று அன்பாகச் சொல்லிவிட்டு, 'அனுமதி இல்லை' என்று ஒவ்வோர் எழுத்தாக எழுதினார்.

சடைச்சி உட்கார்ந்து அழுதாள். முள்ளம்பன்றி அழுதால் கிட்டே போய் அணைத்து ஆறுதல் சொல்லவும் யாருக்கும் தைரியம் வராது. காத்தமுத்து எட்ட நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். எனக்கே இந்த இடத்தில் வயிறு எரிகிறது.

ஆனால் சடைச்சி புத்திசாலி. மறுநாள் நேராக மரங்கொத்தியின் மரத்தடிக்குப் போய், அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்: "ஐயா, ரெண்டு பேருமே பொய் சொல்லல. ரெண்டு பிசைக்கு மணல், நாள்பூரா பிசைஞ்சா களி. பத்துப் பிசையோட நிறுத்தினா இருவாட்டு. எத்தன பிசைன்னு ஒரு கணக்கு வச்சிட்டீங்கன்னா எல்லாருக்கும் நியாயம் கிடைக்கும்."

பழைய கதையாக இருந்தால் இந்த இடத்தில் தலைவர் மகிழ்ந்து அவளுக்கு வளையைத் திறந்துவிடுவார். மரங்கொத்தியும் மகிழத்தான் செய்தார்.

"அபாரம்! இதுவரைக்கும் யாருமே இத யோசிக்கலயே! உடனே ஒரு குழு போடணும்."

"எங்க வளை, ஐயா?"

"குழு முடிவு சொன்னதும் முதல் மனு உன்னோடதுதான்."

எத்தனை பிசை சரி என்று முடிவு செய்யக் குழுவுக்கு மாதிரி மண் வேண்டியிருந்தது. காட்டுப்பன்றிகளுக்குக் குத்தகை விட்டு, மலைச்சரிவெங்கும் ஆறு முழ ஆழத்தில் நாற்பது குழிகள் தோண்டினார்கள். தோண்டுவதற்கு அனுமதி வேண்டாமா என்று ஒரு கீரி கேட்டது. இவை வளை அல்ல, மாதிரிக் குழி, ஆகவே உத்தரவு இவற்றுக்குப் பொருந்தாது என்று பதில் வந்தது. கீரியின் பெயரைக் குறித்துக்கொண்டார்கள்.

குழு எட்டாவது பிசையா பன்னிரண்டாவது பிசையா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோதே மழை முந்திக்கொண்டது. ஒரு நாள் மத்தியானம் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்ற, சடைச்சிக்கு வலி கண்டது. சிறுத்தை பாறையிலிருந்து இறங்கியது. கிட்டத்தில் இருந்தது பதினேழாம் எண் குழி. பன்றிகள் அதன் அடியில் ஒரு பக்கமாகக் குடைந்து வைத்திருந்தன. சடைச்சி உருண்டு விழுந்து அந்தக் குடைவுக்குள் பின்பக்கமாக நுழைந்து, முள்ளை விரித்துக்கொண்டு, இரண்டு குட்டிகளைப் பெற்றாள். எட்டிப் பார்த்த சிறுத்தை மூக்கில் மூன்று முள்ளோடு ஓடிப்போனது.

மறுநாள் காலை, பதினேழாம் குழியின் மண் அடுக்குகளை எழுதத் தேவாங்கு வந்தார். காத்தமுத்து பதறி ஓடி வந்தான். குழியின் ஓரத்தில் விழுந்து கும்பிட்டான்.

"ஐயா, பிரசவமாகி ஒரு நாளுதான் ஆகுது. வெளிய போகச் சொல்லிராதீங்க."

"போகச் சொல்ல எனக்கு அதிகாரமே இல்லப்பா. மாதிரிக் குழியில இருக்கிறத இருந்தபடி எழுதணும். எதையும் எடுக்கவும் கூடாது, விடவும் கூடாது," என்று தேவாங்கு அளவு நாடாவைத் தொங்கவிட்டார். மேலேயிருந்து நிதானமாக எழுதிக்கொண்டே வந்தார். முதல் அடுக்கு, கரும்பழுப்பு, வேர் நிறைய. இரண்டாம் அடுக்கு, பழுப்பு, பொலபொலப்பு. மூன்றாம் அடுக்கு, உளுத்த பாறைத்துண்டு கலந்தது. நான்காம் அடுக்கு, கறுப்பு வெள்ளைப் பட்டை, வெதுவெதுப்பு உண்டு, மூச்சு உண்டு, அடியில் மிருதுவான கட்டிகள் இரண்டு.

"ஐயா, அது எம் பொண்டாட்டி புள்ளைங்க!"

"அது உனக்குப்பா. எனக்கு நாலாம் அடுக்கு."

பதம் பார்க்க வேண்டிய இடம் வந்தது. தேவாங்கு குழியின் அடிவரை இறங்கி, கையை நீட்டி ஒரு முறை பிசைய முயன்று, அலறிக்கொண்டு இழுத்துக்கொண்டார். பிறகு விரலைச் சப்பியபடியே எழுதினார்: 'உதிரவில்லை. ஆகவே மணல் அன்று. நாடாவாக வரவில்லை. ஆகவே களியும் அன்று. மீதமிருப்பது இருவாட்டு.'

மலையில் இருவாட்டு என்று எழுதப்பட்ட முதல் மண் அதுதான். மரங்கொத்தி ஆனந்தத்தில் முத்திரையை ஒன்பது முறை குத்தினார். பதினேழாம் குழி மூலக்குழி என்று அறிவிக்கப்பட்டது. மூலக்குழியை மூடக் கூடாது, கலைக்கக் கூடாது, அதிலிருந்து ஒரு பிடிகூட எடுக்கக் கூடாது. காவலுக்கு இரண்டு காட்டுப்பன்றிகளை நிறுத்தி, மழை படாமல் மேலே இலைப்பந்தலும் போட்டார்கள். சடைச்சி குட்டிகளை அணைத்துக்கொண்டு பல நாளுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள்.

அடுத்த உத்தரவு இரண்டு நாளில் வந்தது. பதினேழாம் குழியின் நான்கு அடுக்குகளோடும் ஒத்துப்போகும் மண் மட்டுமே இருவாட்டு. மலையிலிருந்த மற்ற மனுக்கள் அத்தனையும் நான்காம் அடுக்கில் தோற்றன. யாருடைய மண்ணும் குத்தவில்லை, யாருடைய மண்ணும் மூச்சு விடவில்லை.

செவந்தி என்ற எறும்புதின்னி அழுங்கு மழையில் நனைந்துகொண்டு குழியின் ஓரத்துக்கு வந்தாள். சடைச்சிக்குப் பக்கத்து வளைக்காரி. அவளும் நிறைமாதம். கூடவே தேவாங்கும் எழுதுகோலோடு வந்து நின்றார்.

"அக்கா, உன் வளையும் என் வளையும் ஒரே மண்ணுதானே? நடுவுல ஒரு சுவருதானே இருந்துச்சு? அத ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுக்கா. போதும்."

சடைச்சி செவந்தியைப் பார்த்தாள். அவள் வயிற்றையும் பார்த்தாள். வாயைத் திறந்தால் அவள் நான்காம் அடுக்கு இல்லை என்றாகிவிடும். குழி ரத்தாகும், பந்தலும் காவலும் போகும். குட்டிகளின் முள் இன்னும் கெட்டிப்படவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அக்கா, நான்தான் செவந்தி. ஏங்க்கா பேச மாட்டேங்கிற?"

தேவாங்கு குழிக்குள் குனிந்து காதைக் கொடுத்தார். "நாலாம் அடுக்குல ஏதாவது சத்தம் வருதா?"

சத்தம் வரவில்லை. பந்தலுக்கடியில் சாய்ந்திருந்த காத்தமுத்துதான் எழுந்து வந்தான்.

"மண்ணு எங்கயாவது பேசுமா? போம்மா, போய் வரிசையில நில்லு."

செவந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வழுக்கும் சரிவில் மெதுவாக இறங்கி, வரிசையின் கடைசிக்குப் போனாள்.

நீதி: இருக்க இடம் கேட்டு மனுப் போடாதீர்கள்; அந்த இடமாகவே பதிவாகிவிடுங்கள். பதிவான பிறகு, தெரிந்தவர் குரல் கேட்டால் மூச்சை மட்டும் விடுங்கள்.