குப்பையாகிப்போன கப்பெ

அன்பும் பண்பும் ஆளுயர மீசையும் கொண்ட கௌதள்ளி அய்யாவு மாமாவுக்கு, மைசூரிலிருந்து மருமகன் தீபக் காலில் விழுந்து (மாலையில் உண்மையாகவே விழுந்து) வணங்கி எழுதுவது.

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், எனது வலது செருப்பு இன்று மாலை எங்கள் லேஅவுட் குளத்துச் சேற்றில் காலமானது. கால் வெளியே வந்துவிட்டது, செருப்பு மட்டும்தான் காலமானது. ஆனால் மாமா, அதனால் ஒரு குளமே பிழைத்தது, அதுவும் உங்கள் மருமகன் வாயால்!

ஹெப்பாளில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மழைக்கு நிரம்பும் குளம் இருக்கிறதல்லவா, அங்கே நேற்று, அருகிவரும் தவளைகளை ஆராயும் ப்ரார்த்தனா அக்கா வந்து, எங்கள் சங்கத் தலைவர் சேகரன் அங்கிளிடம், "சார், இல்லி அபரூபத கப்பெ இதெ" என்றார். அபூர்வமான தவளை இருக்கிறது என்று அர்த்தம். அங்கிள் மைசூருக்கு வந்து வெகுகாலம் ஆகிறது, அவருடைய கன்னடம்தான் இன்னும் பஸ் ஏறவில்லை. அக்கா போனதும் கொதித்துவிட்டார்.

"பாத்தியாடா தீபக்! நம்ம ஏரியாவுல அபூர்வமான குப்பை இருக்குன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுது அந்தப் பொண்ணு! நாளைக்கே லாரி மண்ணடிச்சு குளத்தையே மூடிடறேன்."

"அய்யோ அங்கிள், குப்பை இல்ல, கப்பெ. தவளை!"

"தவளையா? நாளைக்குள்ள ஒண்ணையாவது கத்தச் சொல்லு, லாரியை நிறுத்தறேன்."

ஆனால் அது மண்ணுக்குள் வாழும் தவளை, நல்ல மழைக்குத்தான் மேலே வரும். இன்று கொட்டியது மழை! அக்கா மைக்கோடு ஒரு கரையில், அங்கிள் குடையோடு பக்கத்தில். நான் ரகசியமாகக் கோரைப்புல்லுக்குள் புகுந்து, அக்காவின் போனில் கேட்டுப் பழகிய குரலில் "டொக்... டொக்..." என்றேன். எதிர்க்கரையிலிருந்து "டொக்" என்று பதில்! நான் ஒன்று சொல்ல, அது ஒன்று சொல்ல, பாட்டுப் போட்டியே நடந்தது. அதற்குள் அம்மா வந்து காதைத் திருகி, "ஏண்டா, பரீட்சைக்குப் படின்னா வாயே தொறக்க மாட்ட, இங்க சேத்துல குந்திக்கிட்டுக் கத்தறயா?" என்று இழுக்க, அந்த இழுப்பில்தான் நான் சேற்றில் விழுந்தேன், செருப்பும் போனது. ஆனால் சற்று நேரத்தில் குளமே சேர்ந்து பாட, அங்கிள் அப்படியே நின்று கேட்டார். பிறகு லாரிக்காரருக்குப் போன் போட்டு, பெருமையாகக் கன்னட வார்த்தையையே சொன்னார்: "மண்ணு வேண்டாம்பா, இங்க கப்பெ இருக்கு!" லாரிக்காரரும் நம்மூர்த் தமிழர். "குப்பையா சார்? அப்ப வந்து அதை அள்ளிடட்டுங்களா?" என்றாராம்.

ஆகவே மாமா, தூங்கிய தவளைகளைத் தட்டி எழுப்பியது என் குரலே. இனி நீங்கள் என்னைத் தவளை வாயன் என்று கூப்பிட்டால், அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொள்வேன்.

அத்தைக்கு வணக்கம், ஆடுகளுக்கு முத்தம், உங்கள் மீசைக்கு நீண்ட ஆயுள்.

இப்படிக்கு,
தவளைகளின் தளபதி,
தீபக்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் அக்கா வந்து, பதிவானதைப் போட்டுக் காட்டினார். தவளைகளைப் பேசவைக்க எதிர்க்கரையில் அவர் தவளைக் குரல் ஒலிக்கும் ஒரு ஸ்பீக்கர் வைத்திருந்தாராம். இத்தனை நேரமும் நானும் அந்த ஸ்பீக்கரும்தான் குசலம் விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறோம். நான் கத்திய வரைக்கும் ஒரு தவளைகூட மூச்சு விடவில்லை. அம்மா காதைத் திருகி நான் வாயை மூடிய பிறகுதான் அவை வாயைத் திறந்தன. அடுத்த சர்வேக்கும் நான் வரலாமாம். வாயை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டுமாம்.