நிலபாவாடையில் ஓடிய கார்

வாகனம் ஓட்டுவதில் நான் கெட்டிக்காரன். இதை இதுவரை என்னைத் தவிர வேறு ஒருவரும் சொன்னதில்லை. ஏன் என்பதை நானே சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் சொன்னால் இன்னும் கூட்டிச் சொல்வார்கள்.

என் மனைவி வசந்தியின் தம்பி ரூபனுக்குத் தை மாதத்தில் கல்யாணம். பாரிஸ் லா சப்பலில் எங்கள் வீட்டிலிருந்து மாப்பிள்ளையை லெ பிளாங்-மெனில் மண்டபத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். (வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.) முகூர்த்தம் பத்து மணிக்கு.

காலையில் பார்த்தால் தெருவெல்லாம் கண்ணாடி வார்த்ததுபோல் பனிக்கட்டி.

"இஞ்சேருங்கோ, றோட்டெல்லாம் வெர்க்லாவாம். குளிர்கால ரயர் மாத்தச் சொன்னனான், மாத்தினீங்களே?" என்றாள் வசந்தி. வழுக்குப் பனிக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்த பேர் வெர்க்லா.

"அதெல்லாம் சுவிஸ்காரருக்கு. பாரிசிலை என்ன பனி!" என்றேன்.

தலைப்பாகை கூரையில் முட்டியதால் ரூபன் கழுத்தைச் சரித்துக்கொண்டு முன்னால் இருந்தான். வசந்தி கூறைச் சேலைத் தட்டை மடியில் வைத்தபடி பின்னால். பெரிய சாலையில் உப்புப் போட்டிருந்தார்கள், பறந்தோம். மண்டபத்துச் சின்னத் தெருவில் திரும்பியதும் எதிரே சிவப்பு விளக்கு. பனியில் பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் அழுத்தவேண்டும். நான் கரப்பானைக் கண்டவன்போல் மிதித்தேன். கார் தேர் திரும்புவதுபோல் நிதானமாக ஒரு அரைவட்டம் போட்டு, ஓரத்துப் புல்லில் இறங்கி நின்றது.

"அத்தான்," என்றான் ரூபன் மிக மரியாதையாக, "மண்டபம் பின்னாலை."

எவ்வளவு முடுக்கியும் சில்லு சுழன்றதே தவிர கார் அசையவில்லை. மணி ஒன்பதரை. "நான் நடக்கிறன்" என்று பட்டுவேட்டியோடு இறங்கிய மாப்பிள்ளை, இரண்டாவது அடியில் தெருவில் உட்கார்ந்தான். தூக்கி உள்ளே வைத்தோம்.

சில்லுக்குக் கீழே துணி கொடுத்தால் பிடிக்கும் என்று எங்கோ கேட்டிருந்தேன். பின்பெட்டியில் இருந்தது ஒரே துணி: மாப்பிள்ளை மண்டபத்துக்குள் நடந்துவர நிலத்தில் விரிக்கும் வெள்ளை நிலபாவாடை.

"அதிலை மட்டும் கை வைச்சியளோ..." என்று தொடங்கினாள் வசந்தி. அப்போது அவளுடைய போன் அடித்தது. ஐயர் மாப்பிள்ளையைத் தேடுகிறாராம். போனை வைத்தவள் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். "ஒரு கரையை மட்டும் குடுங்கோ. மற்றக் கரையிலை இவன் நடக்கட்டும்."

கார் கரையெல்லாம் பார்க்கவில்லை. முழுத் துணியையும் முன்னால் விழுங்கிப் பின்னால் துப்பிவிட்டுத் தெருவில் ஏறியது. ஊர்ந்து ஊர்ந்து பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்க வாசலில் நின்றோம்.

வேறு துணி இல்லை. அதையே விரித்தார்கள். வாசலிலிருந்து மணவறைவரை இரண்டு கறுத்த ரயர்க் கோடுகள். நடுவே ரூபன், ஈர வேட்டியோடு, தலைநிமிர்ந்து நடந்தான். பெண்ணின் தகப்பன் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, மணவறை வரைக்கும் காரிலையே கொண்டுவந்து விட்டனீரோ?"

நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்திச் சிரித்தார். தாலி மட்டும் சரியான நேரத்துக்கு ஏறியது.

இப்போதெல்லாம் கார்த்திகை பிறக்கும் முன்பே ரயர் மாற்றிவிடுகிறேன். அதனால் ஒரு பயனும் இல்லை. ஒவ்வொரு வருடமும் முதல் பனி விழுந்ததும் ரூபனின் போன் வரும்:

"அத்தான், வெளிக்கிடுறியளோ? வேட்டி ஏதும் குடுத்துவிடட்டோ?"