மெஷினுக்கு நான் வைத்த பொட்டு

கீரமங்கலத்தில் நான் வேதியியல் வாத்தியார். கார்பன் மோனாக்சைடு நிறமற்றது, மணமற்றது, ஆளைக் கொல்லும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுபவன். அதே வாயுவால் என் மனைவியையும், பிறந்து இருபத்தெட்டு நாளே ஆன மகளையும் கொல்லப் பார்த்தவனும் நான்தான். பணிப்பதிவேட்டில் இதை எழுத இடமில்லாததால் இங்கே எழுதுகிறேன்.

ஏழு வருடத்துக்கு முன்பு நடந்தது. என் மனைவி செல்வியின் அண்ணன் முருகேசன் குவைத்தில் வேலை பார்க்கிறார். அங்கே ஒரு குளிர்காலத்தில் அறையைச் சாத்திக்கொண்டு கரியை மூட்டிவிட்டுப் படுத்த மூன்று பேர் எழுந்திருக்கவே இல்லை. அதில் ஒருவர் அவரோடு வேலை பார்த்தவர். அந்த முறை ஊருக்கு வந்தபோது எல்லோருக்கும் சென்ட்டும் சாக்லேட்டும் கொடுத்தவர், எனக்கு மட்டும் சோப்பு டப்பா அளவில் ஒரு வெள்ளை மெஷினைக் கொடுத்தார்.

"மாப்ள, அந்த வாயு வந்தா இது கத்தும். சிலிண்டர் கேஸுக்குக் கத்துற மெஷின் வேற, இது வேற. கடையில மாத்திக் குடுத்துருவாங்கன்னு பாத்துப் பாத்து வாங்கியாந்தேன். படுக்குற ரூம்ல மாட்டுங்க. கூட இருக்குற பேப்பரப் படிச்சுப் பாருங்க."

"எனக்கே கெமிஸ்ட்ரி பாடமா மச்சான்?" என்று சிரித்தேன். (வாத்தியார் திமிர். அந்தப் பேப்பர் எங்கள் வீட்டு அலமாரியில் பருப்பு டப்பாவுக்கு அடியில் விரிப்பாகக் கிடந்தது.)

படிக்காவிட்டால் என்ன, பராமரிப்பில் என்னை மிஞ்ச ஆளில்லை. வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றிய கையோடு படுக்கையறைக்குப் போய் மெஷினின் டெஸ்ட் பட்டனை அமுக்குவேன். அது வீல் என்று அலறும். திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவேன்.

ஆயுத பூஜை வந்தது. பைக், கிரைண்டர், ஃபிரிட்ஜ், செல்வியின் தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். இதை மட்டும் விடலாமா? அதன் முன்பக்கத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் வரிசையாக இருந்தன. என் கண்ணுக்கு அதுதான் நெற்றியாகத் தெரிந்தது. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தேன். அந்த வெள்ளிக்கிழமையும் பட்டனை அமுக்கினேன். வழக்கம்போல அலறியது.

கார்த்திகையில் மகள் பிறந்தாள். செல்விக்கு அம்மா இல்லாததால் எங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டேன். பிள்ளைக்கு இருபத்தெட்டு நாள் ஆனபோது மூன்று நாளாக அடைமழை, துணி எதுவும் காயவில்லை. பிள்ளை தும்மியது. குளிப்பாட்டியதும் சாம்பிராணிக்கு இரண்டு துண்டு கரி போடுவதுதான் வழக்கம். நான் இரும்புச் சட்டி நிறைய கங்கு போட்டு அறைக்குள் கொண்டுபோய் வைத்தேன். காற்று படக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் பழைய வேட்டியையும் திணித்தேன். கரி என்ன செய்யும் என்று தெரியாதா? தெரியும். மெஷின்தான் இருக்கிறதே என்ற தைரியம். கூடத்தில் உட்கார்ந்து மாதத் தேர்வுத் தாள்களைத் திருத்த ஆரம்பித்தேன்.

"ஏங்க, தலை வலிக்குதுங்க" என்றாள் செல்வி உள்ளிருந்து.

"மெஷின் அடிக்கலையே. ஒண்ணுமில்ல, படு."

கொஞ்ச நேரம் கழித்து, "கிறுகிறுன்னு வருதுங்க."

"பச்ச ஒடம்பு, அப்படித்தான் இருக்கும். மெஷின் சும்மாதான இருக்கு?"

அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. தூங்கிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டு இன்னும் நான்கு தாள் திருத்தினேன். அந்த நான்கு தாளை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. நான்காவது தாளில் ஒரு மாணவி எழுதியிருந்தாள்: 'முதலில் தலைவலி, பிறகு தலைசுற்றல், பிறகு மயக்கம்.' சரி என்று டிக் போட்டு ஐந்துக்கு ஐந்து கொடுத்தேன். அடுத்த தாளை எடுக்கும்போதுதான் கை நின்றது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். செல்வியின் கண் திறந்திருந்தது, என்னைத் தெரியவில்லை. பிள்ளை என் கையில் ஈரத்துணியாகத் தொங்கியது. இரண்டு பேரையும் மழைக்குள் இழுத்துப் போட்டுவிட்டு என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. பக்கத்து வீட்டார் ஆட்டோ பிடித்தார்கள். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து வெகுநேரம் கழித்துத்தான் பிள்ளை அழுதது. டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னேன். அவர் திட்டியிருக்கலாம். அதையும் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார்.

இருவரும் பிழைத்து வீடு வந்ததும், மெஷின் கெட்டுவிட்டது என்று மச்சானிடம் புகார் சொல்ல வீடியோ காலில் அதைக் காட்டினேன்.

"அதென்ன மாப்ள, மூஞ்சில?"

"பொட்டு மச்சான். ஆனா வாராவாரம் டெஸ்ட் பண்ணுனேன், நல்லாத்தான் கத்துச்சு."

"பட்டன அமுக்குனா கத்தத்தான் செய்யும். பேட்டரி இருக்கான்னு பாக்குறதுக்கு அது. அந்த ஓட்டை வழியாத்தான மாப்ள அது மூச்சு விடணும். மூக்க அடைச்சு வச்சிருக்கீங்களே!" என்றவர், அழுதுவிட்டார்.

இப்போது அவரே இதைச் சொந்தக்காரர்களிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறார். புதிதாகச் சேர்ந்ததையும் சொல்கிறார். போன மாதம் ஆலங்குடியில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வி, "தலை வலிக்குதுங்க" என்றாள். நான் சாம்பார் கையோடு எழுந்து ஓடி மண்டபத்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

"மாப்ள, இது ஏசி மண்டபம்!" என்று கத்தினார் லீவில் வந்திருந்த முருகேசன். பந்தியே சிரித்தது. என் மகள் இலையில் தலை முட்டச் சிரித்தாள்.

செல்வி சிரிக்கவில்லை. "வந்து சாப்பிடுங்க, இப்பச் சரியாப் போச்சு" என்றாள்.