பீக்கர் சார் என்னை எழுப்பிய இடம்

அப்போதெல்லாம் குற்றாலத்து எங்கள் சிப்ஸ் கடையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி செல்வி, கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி, அவள் போனுக்குள் பீக்கர் சார். நேரில் வருவதற்கு முன்னாலேயே ஒரு குடும்பத்தை இந்தப் பாடு படுத்திய மனுஷன் உலகத்தில் அவர் ஒருத்தர்தான்.

செல்வி ஆன்லைனில் பி.எஸ்சி. வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள். வீடியோவில் பீக்கரில் டீ குடித்துக்கொண்டே பாடம் நடத்துகிறவர் அவளுடைய வாத்தியார். நான் ஒன்பதாவதோடு நின்றவன். அவள் பட்டம் வாங்கிவிட்டால் என்னை ஒரு ஆளாக மதிப்பாளா என்பதுதான் என் கவலை.

"எண்ணெய் புகைஞ்சா மாத்திரணுமாம், சார் சொல்லுதாரு."

"கல்யாணம் ஆன நாள்லேருந்து நானும் அதத்தான் சொல்லுதேன். அது காதுல விழல!"

அவர் பாடத்துக்கு நடுவே ஒவ்வொருத்தராகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். "மைதீன், துபாய்ல டூட்டி பஸ்ல இருப்பே. படம் பாக்காண்டாம், கேட்டாப் போதும்." "மேரி, கடையத்துல சிக்னல் இழுக்கும்லா, எழுத்தாவும் அனுப்பிருக்கேன்." "செல்விம்மா, கை எண்ணெயா இருக்கும். போனைத் தொடாண்டாம், நானே நிறுத்தி நிறுத்திச் சொல்லுதேன்."

என் பெண்டாட்டி கை எண்ணெயைப் பற்றி இவருக்கு என்ன கவலை? பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

சீசன் கூட்டத்தில் ஒருநாள் ஆளே கடைக்கு வந்து நின்றார். "புதுப் பாடம். இந்தச் சத்தத்துல செல்விம்மாவுக்குப் புரியுதான்னு பாக்கணும். அண்ணாச்சி, நீரும் கேளும்" என்று வாழைக்காய்ச் சாக்கில் உட்கார்ந்துவிட்டார்.

வீம்புக்குக் கேட்டேன். அப்படியே தூங்கிவிட்டேன். முழித்தால், எதிரே அவர் முகம் தீபாவளி மாதிரி இருக்கிறது.

"எங்கன தூங்குனீரு?"

"அணுன்னு ஆரம்பிச்சீரே, அங்கன."

"அதான் வேணும்! எங்கூட வேலை பாக்குத ஆளுவோ எல்லாம் 'நல்லாருக்கு, நல்லாருக்கு'ன்னே சொல்லுதானுவோ. ஒருத்தனும் தூங்கிக் காட்டலியே!"

அடுத்த வாரம் பாடம் வந்தது. அணு வருகிற இடத்தில் டீயைக் கீழே வைத்தார். "சிப்ஸ் கடை அண்ணாச்சி, முழிச்சுக்கிடும்! இது உமக்கு. வாழைக்காயச் சீவிச் சீவி, அதுக்கு மேல சீவ முடியாம மிஞ்சுத துணுக்க நினைச்சுக்கிடும்..."

துபாய் வரைக்கும் என் மானம் போனது. ஆனால் செல்வி கரண்டியை வைத்துவிட்டு முறைத்தாள். "எனக்குக்கூட இவ்வளவு நேரம் சொல்லலியே! ஒங்களுக்கு மட்டும் என்னவாம்?" அன்றிலிருந்து போனை நடுவில் வைத்து இரண்டு பேரும் சேர்ந்துதான் கேட்டோம்.

செல்விக்கு இப்போது தென்காசியில் ஒரு லேபில் வேலை. சாயங்காலம் நேரே கடைக்கு வந்து கரண்டியைப் பிடித்துவிடுவாள். சார் எந்த ஊருக்கோ மாறிப் போய்விட்டார். கூட்டம் இல்லாத மத்தியானங்களில் அந்தப் பாடத்தைப் போட்டுவிடுவேன். அணு வருகிற இடம் நெருங்கியதும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். அவர் என்னைக் கூப்பிட வேண்டுமே.